வெள்ளிக்கிழமை முட்டை

1

இந்தக் கதை ஒரு முட்டைக் கடையின் முன்னால் பிறந்தது. கோபத்தில் பிறந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அமைதியாக இருந்து யோசித்து எழுதப்படும் கதைகளில் ஆசிரியன் திரைக்குப் பின்னால் அடக்கமாக நிற்பான். இதில் அவன் அடிக்கடி வெளியே வந்து மேசையில் தட்டுவான். வாசகர் மன்னிக்க வேண்டும். அல்லது கூடவே தட்ட வேண்டும்.

மருதனார்மடச் சந்தையில் ஒரு சனிக்கிழமை. ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்த சனம் அப்படியே சந்தைக்குள் இறங்கியிருந்தது. நான் கத்தரிக்காய்க்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடையில் நடுவயதுப் பெண்ணொருத்தி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காதோரம் குலுக்கிப் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்கார இளைஞன், அயலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினான்.

"என்ன கமலாக்கா, இப்ப காசு குடுத்தோ முட்டை வாங்கிறியள்? பள்ளிக்கூடத்து முட்டை முடிஞ்சு போச்சோ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் கையிலிருந்த முட்டையை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"உன்ரை முட்டை கூழ்முட்டையடா தம்பி. உன்ரை வாய் மாதிரி நாறுது. நீயே வைச்சு அடைகாத்துக்கொண்டிரு."

நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"நான் கள்ளியெண்டா, உன்ரை தமக்கையின்ரை பெடியன் கிழமைக்குக் கிழமை புதனிலை என்னத்தைத் திண்டவன்? வீட்டை போய்க் கேள்!"

அவள் போய்விட்டாள். சிரித்தவர்கள் சிரிப்பை முடித்துக்கொண்டு வெங்காயம் வாங்கப் போனார்கள். நான் கத்தரிக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அதன்பின் கேட்டறிந்தவையும், கேட்டறிய முடியாத இடங்களில் கற்பனையால் நிரப்பியவையுமே இனி வருபவை.

2

முதல் தொடக்கம் (கைவிடப்பட்டது):

ஒரு காட்டிலே சிங்கராசா தன் குடிகள் மெலிந்திருப்பதைக் கண்டு மனமிரங்கி, எல்லோருக்கும் ஒரே உணவுப் பட்டியலை வகுத்தது. திங்கள் கிழங்கு, புதன் புல், வெள்ளி இறைச்சி. அதை மரப்பட்டைகளில் பொறித்து எல்லா வளைகளுக்கும் அனுப்பிவைத்தது. உண்டவர்கள் அந்தந்த நாளின் கீழே பாதம் பதிக்க வேண்டும். முயல் வெள்ளிக்கிழமையும் புல்லையே தின்றது. ஆனால் பட்டையில் ஏற்கெனவே இறைச்சி என்று பொறித்திருந்தபடியால், வேறு வழியின்றி அதன் கீழே பாதத்தைப் பதித்தது. ஒரு வெள்ளிக்கிழமை நரி மேற்பார்வைக்கு வந்தது. முயலின் பல்லில் பச்சை ஒட்டியிருக்கக் கண்டது. "இறைச்சிக்குப் பாதம் பதித்திருக்கிறாய், வாயிலோ புல். அப்படியானால் இறைச்சியை எங்கே ஒளித்தாய், கள்ள முயலே?" என்று

இங்கே நிறுத்தினேன். கதை நன்றாகத்தான் போகிறது. அதுதான் அதன் குறை. மிருகக் கதைகளைப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் சொன்னவன் நான். எந்த வரியில் வகுப்பு சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். 'கள்ள முயலே' என்ற இடத்தில் நிச்சயமாகச் சிரிக்கும். ஆனால் முயலைப் பார்த்துச் சந்தையில் ஒருவரும் சிரிப்பதில்லை. முயலின் மகள் அதே காட்டில் நாலாம் வகுப்புப் படிப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம் (இதுவும் கைவிடப்பட்டது):

பாடசாலை மாணவர்களின் போசாக்கு மட்டத்தை உயர்த்தும் பொருட்டு நடைமுறைப்படுத்தப்படும் உணவுத் திட்டத்தின் கீழ், வகுக்கப்பட்ட பட்டியலுக்கு அமைவாக உணவு வழங்கப்படுவதை உறுதிப்படுத்தும் வகையில் பேணப்பட வேண்டிய பதிவுகள் தொடர்பில்

இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தொடங்கிவிட்டால் தானாகவே நடந்துகொண்டு போகிறது. வழியில் ஒரு பிள்ளையையும் சந்திப்பதில்லை.

3

ஆகவே மூன்றாம் தொடக்கம். இதையே வைத்துக்கொள்வோம்.

சிவகௌரி அந்தப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சந்தியிலிருந்து வெங்காயத் தோட்டங்களுக்கிடையே போகும் ஒழுங்கையில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து அழகாக இருந்த ஒரே குற்றத்துக்காக உணவுப் பதிவு அவளுடைய தலையில் விழுந்தது.

அந்தப் பதிவைப் பற்றி வாசகர் அறிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மேலிடத்திலிருந்து அச்சிட்ட தாள்கள் வரும். நாள், கிழமை, அன்றைய கறி எல்லாம் முன்னதாகவே அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திடுவதே பாடசாலையின் வேலை. புதன்கிழமைக்கு நேரே சோயாக் கறி. வெள்ளிக்கிழமைக்கு நேரே முட்டைக் கறி. மாற்றம் இருந்தால் குறிப்பிட ஒரு கட்டமும் இல்லை. மாற்றம் இருக்கக்கூடும் என்ற நினைப்பே அச்சுக்கூடத்தை எட்டவில்லை.

அது தோட்டம் செய்யும் சைவக் கமக்காரக் குடும்பங்களின் ஊர். வெள்ளிக்கிழமையில் அங்கே மச்சம் கிடையாது. மீன், இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் அந்தக் கணக்கில்தான். பிள்ளைகள் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். முட்டை பட்ட சோற்றையும் தொட மாட்டார்கள். சிவகௌரியும் தொட மாட்டாள்.

பதிவைப் பொறுப்பேற்ற முதல் மாதமே அவள் மேலிடத்துக்கு எழுதினாள். புதனையும் வெள்ளியையும் இடம் மாற்றித் தந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம் என்று. பதில் வந்தது. போசாக்கு நிபுணர்களால் வகுக்கப்பட்ட பட்டியலைப் பாடசாலை மட்டத்தில் மாற்ற இயலாது.*

பாடசாலை அதிபர் கிறிஸ்துநாயகம் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கடை ஆக்களும் தவக்காலத்து வெள்ளியிலை இறைச்சி தொடாயினம். உது எனக்கு விளங்காதே? பாருங்கோ ரீச்சர், பிள்ளையளுக்கு முட்டை போகவேணும். பேப்பருக்கு வெள்ளிக்கிழமை போகவேணும். ரெண்டையும் போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவம்."

சமையல் பொறுப்பிலிருந்த கமலாவதியும் உடன்பட்டாள். புதன்கிழமை முட்டை, வெள்ளிக்கிழமை சோயா. தாளிலோ அச்சிட்டபடி. காலையில் வரவு எடுத்தவுடன், அடுப்பு மூட்டும் முன்னரே, சிவகௌரி அன்றைய வரியில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுவிடுவாள். ஒருவருக்கும் அது பொய்யாகப் படவில்லை. சட்டி ஒரு பாதையிலும் தாள் ஒரு பாதையிலுமாக இரண்டு வருடம் இடிபடாமல் ஓடின. பிள்ளைகள் முட்டை தின்றார்கள். 'பட்டியல் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது' என்று அந்தக் கல்வி வலயத்துக்குப் பாராட்டும் கிடைத்தது.

(* நிபுணரை நான் குறை சொல்லவில்லை. முட்டைக்குள் என்ன சத்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒருத்தி எழுதினாள். அந்தக் கடிதம் அவர் கைக்குப் போகாமலே அதற்குப் பதில் எழுதப்பட்டிருக்கிறது. இப்படி ஒரு பதிலை எழுத எப்பேர்ப்பட்ட மனம் வேண்டும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.)

4

இனி மேற்பார்வையாளர் வர வேண்டும். இந்த இடத்தில் நான் பல தாள்களைக் கிழித்தேன்.

முதலில் அவருக்குப் பெரிய வயிறு கொடுத்தேன். வெற்றிலைச் சாறு ஒழுகும் வாய் கொடுத்தேன். வந்ததும் வராததுமாக இலவசச் சாப்பாடு கேட்க வைத்தேன். எழுதும்போது இனித்தது. மறுநாள் வாசித்தபோது வெட்கமாக இருந்தது. கெட்ட மனிதன் ஒருவன் கெடுதல் செய்தான் என்றால் அதில் எழுத என்ன இருக்கிறது? ஆகவே எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இப்போது அவர் மெலிந்தவர், மரியாதையாகப் பேசுபவர், தேநீர் கொடுத்தாலும் நன்றி சொல்லி மறுப்பவர். தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வருபவர். நெற்றியில் திருநீறும் உண்டு. அவரைப் பார்த்து எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நேரே சமையற்கொட்டிலுக்குப் போய்ச் சட்டிகளின் மூடியைத் திறந்தார். சோறு, சோயா, பூசணிக்காய். கையிலிருந்த தாளைப் பார்த்தார். சிவகௌரி பின்னால் நின்றாள். பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள்.

"முட்டை எங்கை அம்மா?" என்றார்.

"புதன்கிழமை திண்டாச்சு சேர்," என்றாள் கமலாவதி. அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"நான் புதன்கிழமையைக் கேக்கேல்லை. இண்டைக்கு முட்டை எண்டு கையெழுத்துப் போட்டிருக்கு."

"கையெழுத்தை நான் அவிக்கேல்லை சேர். இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஆர் முட்டை அவிப்பினம்? உங்கடை வீட்டிலை அவிக்கிறவையோ?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கமலாவதிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆட்கள் சிரித்தால் இன்னும் நீளும். அந்த நீளத்தைக் குறைத்து எழுதினால் வாசகருக்கு அவள்மேல் அதிகம் இரக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். குறைக்க மாட்டேன்.

"என்ரை வீடு உந்தத் திட்டத்துக்குள்ளை வராது," என்றார் மேற்பார்வையாளர். பழைய தாள்களைப் புரட்டினார். "புதன்கிழமை சோயா எண்டும் கையெழுத்து இருக்கு. அப்ப புதனிலையும் முட்டை இல்லை, வெள்ளியிலையும் இல்லை. முட்டை எங்கை போச்சு?"

"பிள்ளையளின்ரை வயித்துக்கை போச்சு."

"வயித்தை நான் கோப்பிலை போடேலாது அம்மா."

"அப்ப கோப்பைக் கொண்டந்து வரிசையிலை நிப்பாட்டுங்கோ. அதுக்கும் ஒரு கரண்டி போடுறன்."

சிவகௌரி வாய் திறந்தாள். "சேர், அது என்னெண்டா, நாங்கள்..." என்று தொடங்கினாள். அதிபர் கொட்டில் வாசலில் நின்று அவளைப் பார்த்தார். அதட்டும் பார்வையல்ல, கெஞ்சும் பார்வை. அவள் தொடங்கிய வசனம் அங்கேயே நின்றது.

பிறகு அலுவலக அறையில் மேற்பார்வையாளர் அவளுக்கு நிதானமாக விளங்கப்படுத்தினார்.

"ரீச்சர், எனக்கு உங்களோடை ஒரு கோபமும் இல்லை. ஆனா பதிவு பிழையெண்டா, ரெண்டு வருசப் பதிவும் பிழை. அதைச் சரியெண்டு மேலை அனுப்பினது நான். பாராட்டும் வந்திட்டுது. பதிவு சரியெண்டா, சமைச்ச ஆள் முட்டையை எடுத்திருக்கிறா. ரெண்டிலை ஒண்டுதான் நடந்திருக்கேலும். அந்த முட்டையளுக்கு என்ன நடந்ததெண்டு நீங்கள் எழுதித் தாங்கோ. விசாரணை முடியுமட்டும் அந்த அம்மா வரத் தேவையில்லை."

போகும்போது முற்றத்து வேம்பின்கீழ் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார். சோறு, பருப்பு, வாழைக்காய். சைவம்.

5

இங்கே மேசையில் தட்டுகிறேன்.

நான் பதிவுகளுக்கு எதிரியல்லன். தூரத்தில் இருப்பவருக்குப் பிள்ளை உண்டதா என்று அறிய ஆசை, கண் எட்டாது, ஆகவே ஒரு தாளைத் தன் கண்ணாக்கி அனுப்புகிறார். அது நல்ல காரியம். ஆனால் அந்தக் கண்ணின்மேல், காண வேண்டிய காட்சியை முன்கூட்டியே வரைந்து அனுப்பினால் அது எதைக் காணும்? வரைந்ததையே காணும். கண்டதற்காகப் பாராட்டும் பெறும். சட்டிக்குள் ஒருத்தி வேறொன்றைக் காட்டினால், கண் பிழையென்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், சட்டிதான் பிழை.

கிழித்துப் போட்ட முயல் கதையை எடுத்து, அதற்கு ஒரு முடிவாவது எழுதலாம் என்று முயன்றேன். மிருகக் கதைக்கு அடியில் ஒரு நீதி இருக்க வேண்டும்.

நீதி: பாராமல் பாதம் பதிக்காதே. (இல்லை. இது முயலைக் குற்றம் சொல்கிறது.)

நீதி: பட்டியலை மீறாதே. (இது நரியின் நீதி.)

நீதி: பிள்ளைகளுக்கு உணவூட்டுகிற எவளையும்

இதை முடிக்க என்னிடமிருந்த சொற்கள் எல்லாம் திட்டுகிற சொற்களாக இருந்தன. விட்டுவிட்டேன்.

6

புதிய சமையற்காரர் ஒருவரை வலயமே ஏற்பாடு செய்தது. வெளியூர்க்காரர். பட்டியலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை, தாளில் இருந்தபடியே, முட்டைக் கறி வந்தது.

சிவகௌரி பரிமாறுகிற இடத்தில் நின்றாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. முதல் பிள்ளை தட்டைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது.

"ரீச்சர், இண்டைக்கு வெள்ளியெல்லே?"

"ஓம்."

"முட்டையை எடுத்துவிடுங்கோவன்."

எடுத்தாள். குழம்பு சோற்றில் ஊறியிருந்தது. பிள்ளை தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனது. அடுத்த பிள்ளையும் வைத்தது. அதற்கடுத்ததும் வைத்தது. ஒருவரும் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பழக்கப்பட்ட ஒரு காரியத்தைச் செய்வதுபோல வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் காலையில் வெறும் தேநீரோடு வந்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தனுஷிகா என்றொரு பெண்பிள்ளை வரிசையின் பாதியில் நின்றது. கமலாவதியின் மகள். சிவகௌரியின் வகுப்பு. பின்னால் நின்ற பொடியன் ஒருவன் அவளுடைய காதருகே குனிந்தான்.

"கொம்மா களவெடுத்ததெல்லாத்தையும் திருப்பித் தந்திட்டா போலை."

தனுஷிகா தட்டிலிருந்த முட்டையைக் கையில் எடுத்தாள். எல்லோரும் பார்க்கக் கடித்தாள். வெள்ளிக்கிழமையில், நெற்றியில் திருநீற்றோடு, முழுவதையும் மென்று விழுங்கினாள். பிறகு கிணற்றடிக்கு ஓடி அவ்வளவையும் வாந்தியெடுத்தாள்.

(இந்தக் காட்சியை நான் கற்பனை செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதுவே ஆறுதல்.)

மிஞ்சிய முட்டைகள் வாளியில் போய், சந்தி நாய்களுக்குக் கிடைத்தன. சிவகௌரி பதிவுத் தாளில் கையெழுத்திட்டாள். வெள்ளிக்கிழமை, முட்டைக் கறி, வழங்கப்பட்ட தொகை. இரண்டு வருடத்தில் அந்த வரி உண்மையாக இருந்தது அன்றைக்குத்தான். மேற்பார்வையாளர் அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். கைகூப்பிய சின்னப் படமொன்று பதிலாக வந்தது.

7

அன்று பின்னேரம் கமலாவதி சிவகௌரியின் வீட்டுப் படலைக் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"ரீச்சர், நான் இருந்து கதைக்க வரேல்லை. பிள்ளை வீட்டை வந்து படுத்திட்டாள். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டாளாம்."

"எனக்குத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சு கொண்டென்ன செய்யிறியள்? கடிதம் கேட்டவராமே. எழுதிப் போட்டியளோ?"

"இன்னும் இல்லை. திங்கட்கிழமை குடுக்கவேணும்." சிவகௌரி படலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் உள்ளதை உள்ளபடி எழுதினாலும் உங்களைத் திருப்பி எடுக்கமாட்டினம். அனுமதி இல்லாமல் பட்டியலை மாத்தினதெண்டு அதுக்கும் ஒரு குற்றம் இருக்கு. அதிபருக்கும் பிரச்சினை. எனக்கு இடமாற்றம் வரும். எங்கை தூக்கி எறிவினமோ தெரியாது. வீட்டிலை கைப்பிள்ளை."

"அப்ப என்னெண்டு எழுதினாலும் எனக்கு வேலை இல்லை."

"இல்லை அக்கா."

கமலாவதியின் குரல் தணிந்தது. தணிந்த குரலில் அவள் பேசிச் சிவகௌரி அதுவரை கேட்டதில்லை.

"வேலை போகட்டும் ரீச்சர். உந்தக் கையாலை எங்கையும் சமைச்சுத் தின்னுவன். சட்டத்தை மீறினவள் எண்டு எழுதி அனுப்புங்கோ, போறன். கள்ளி எண்டு போகேலாது. பட்டியலை மாத்தினவளின்ரை பிள்ளையெண்டு ஒருத்தரும் பகிடி பண்ணாயினம். முட்டை களவெடுத்தவளின்ரை பிள்ளை எண்டா, அவள் கலியாணம் கட்டிப் பேரப்பிள்ளை கண்டாலும் சொல்லுவினம்."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"கையெழுத்துப் போட்டது நீங்கள். எவ்வளவு வடிவான கையெழுத்து. களவெடுத்தவள் மட்டும் நானோ?"

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது, அதிபர் கிறிஸ்துநாயகத்தின் முடிவு. அவர் கடிதத்தைத் தாமே தட்டச்சு செய்து சிவகௌரியின் மேசையில் வைத்துவிட்டார். 'வழங்கப்பட்ட முட்டைகள் சமையலுக்குப் பயன்படுத்தப்படாமை எமது கவனத்துக்கு வரவில்லை.' களவு என்ற சொல் எங்கும் இல்லை. அவ்வளவு துப்புரவான கடிதம். "எனக்கு ஓய்வுக்குக் கொஞ்சக் காலந்தான் பிள்ளை," என்று சொன்னார். அதுவரை அவளை ரீச்சர் என்றே அழைத்தவர், அன்றுதான் முதன்முதலாகப் பிள்ளை என்றார். அவரும் நல்லவர்தான். இந்தக் கதையில் நல்லவர்களுக்குக் குறைவே இல்லை.

இரண்டாவது, என் ஆசை. விசாரணை நாளில் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து, "புதன்கிழமை நாங்கள் முட்டை சாப்பிட்டனாங்கள்!" என்று ஒரே குரலில் சொல்லுகிறார்கள். மேற்பார்வையாளர் தலைகுனிகிறார். எழுதிவிட்டு இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். மூன்றாம் நாள் அவருடைய குரல் எனக்குக் கேட்டது: "சின்னப் பிள்ளையள் சேர். சொல்லிக்குடுத்ததைத்தான் சொல்லுவினம்." பிள்ளை சொன்னதை எழுத அந்தத் தாளில் எங்கே கட்டம் இருக்கிறது? அந்த முடிவையும் கிழித்தேன்.

மூன்றாவது, நீங்கள் எதிர்பார்ப்பது. சிவகௌரி அதிபரின் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, உண்மை முழுவதையும் எழுதிக் கொடுத்து, தலை நிமிர்ந்து வெளியே நடக்கிறாள். இதையும் எழுதினேன், உள்ளது உள்ளபடி சொல்கிறேன், நன்றாகவே வந்தது. வாசித்த நண்பர் ஒருவர் கண் கலங்கினார். அதைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அந்த முடிவில் இடமாற்றம் போனது சிவகௌரி. கைப்பிள்ளையோடு புதிய ஊரில் வாடகை வீடு தேடியது சிவகௌரி. அவளுடைய துணிவை என் பேனாவால் எடுத்து, உங்கள் கண்ணீருக்காகச் செலவழிக்க எனக்கு என்ன உரிமை? பெயர் போட வேண்டியிராத துணிவு ஆசிரியனுக்கும் வாசகருக்கும் மிக மலிவாகவே கிடைக்கிறது.

அவள் எழுதாவிட்டால் அவளைக் கோழையென்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டியலை வகுத்தவர், கட்டமில்லாமல் அச்சடித்தவர், வாசிக்காமல் பதில் எழுதியவர், பாராட்டு வாங்கியவர் ஆகிய அத்தனை பேரும் நிழலில் இருக்க, முழுப் பாரத்தையும் வெயிலில் நிற்கும் இரண்டு பெண்களின் தலையில் ஏற்றி, "பார்ப்போம், யார் நல்லவள்?" என்று வேடிக்கை பார்க்கிற கதையை நான் எழுத மாட்டேன். அப்படி எழுதினால், தாள் அனுப்பியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நான் இத்துடன் விலகுகிறேன்.

திங்கட்கிழமை காலை. பிள்ளைகள் தேவாரம் பாடி முடித்து வகுப்புக்குள் போய்விட்டார்கள். மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றுவிட்டது. சிவகௌரியின் மேசையில் அதிபரின் தட்டச்சுக் கடிதம் ஒருபுறம். வெறுந்தாள் ஒன்று மறுபுறம். தனுஷிகாவின் இடம் இன்று காலியாக இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்தபடி அவள் வெறுந்தாளைத் தன் பக்கம் இழுத்துச் சில சொற்களை எழுதியிருக்கிறாள். பேனா அங்கே நிற்கிறது. தட்டச்சுக் கடிதத்தை அவள் இன்னும் கிழிக்கவில்லை.

"ரீச்சர், முடிஞ்சுதோ? ஆள் பாத்துக்கொண்டு நிக்குது," என்று அதிபர் வெளியிலிருந்து கேட்கிறார்.

மிச்சத்தை எழுத விரும்புபவர் எழுதலாம். ஆனால் கீழே உங்கள் பெயரையும், வேலை செய்யும் இடத்தையும், வீட்டு விலாசத்தையும் குறிப்பிட வேண்டும். எந்தத் தாளிலும் அதற்கு மட்டும் நிறையக் கட்டங்கள் இருக்கின்றன. அவள் எழுதி நிறுத்திய வரி இதுதான்:

ஐயா, தாங்கள் கேட்ட அந்த முட்டைகளைக் கமலாவதி